மனிதனை விண்வெளிக்கு அனுப்புவது எதற்கு? அரசுப் பணத்தில் நடக்கும் பயணங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

இந்தியா தன் சொந்த ராக்கெட்டில் மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் திட்டமான ககன்யான் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு தனிப் பூரிப்பு. காரணம் இருக்கிறது. 2018-ல் மத்திய அரசு அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தபோது இஸ்ரோ தலைவராக இருந்தவர் நாகர்கோவிலை அடுத்த சாரக்கல்விளையில் பிறந்த கே. சிவன். 2025 ஜனவரியில் அதே பொறுப்புக்கு வந்த வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைகளையும் தாண்டி, காவல்கிணறு பக்கம் போனால் மகேந்திரகிரி. நெல்லை மாவட்டக் கணக்கில் வரும் இடம்தான் என்றாலும், ராக்கெட் இன்ஜின்களை எரித்துப் பார்க்கும் அந்த இஸ்ரோ மையத்தை நாங்கள் பாதி எங்களுடையதாகவே நினைத்துக்கொள்கிறோம். மேற்கே களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போனால் தும்பா. இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று கிளம்பியது அங்கிருந்துதான்.

பூரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். வடசேரி டீக்கடை ஒன்றில் இந்தப் பேச்சு வந்தபோது ஒரு பெரியவர் தன் மருமகனிடம் கேட்டார்: “மனுசன் போயி அங்க என்னத்த செய்யப் போறான் மக்கா? மிசினு போனா போராதா?” மருமகன் விடவில்லை. “அமெரிக்காக்காரன் போயாச்சு, சீனாக்காரன் போயாச்சு. நாம மட்டும் பாத்துட்டே இருக்கணுமா மாமா?”

உலகம் முழுக்க அறுபது வருடத்துக்கு மேலாக நடக்கும் விவாதம் ஏறக்குறைய இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிடும். கவனித்தீர்களா, மாமா கேட்டது ஒன்று, மருமகன் பதில் சொன்னது வேறொன்றுக்கு. அவர் கேட்டது பயனை. இவன் சொன்னது நாட்டின் இடத்தை. விவாதம் எப்போதும் குழம்புவது இங்கேதான்.

முதலில், ஆள் ஏறினால் என்னதான் மாறுகிறது என்று பார்த்துவிடலாம்.

ஆளில்லாத விண்கலம் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். பெரும்பாலும் திரும்பி வரவே வேண்டாம். கடலில் ஒரு மிதவையை விட்டுவிட்டு வருவதற்கும், எங்கள் மீனவ ஊரான தூத்தூர்க்காரர்கள் போட்டில் வாரக்கணக்கில் தங்கல் போவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ஆள் ஏறினால் அரிசி, தண்ணீர், ஐஸ், மருந்து, திரும்பி வர டீசல் என்று எல்லாம் ஏற்ற வேண்டும். மிதவை தொலைந்தால் நஷ்டம், அவ்வளவுதான். போட்டு வரவில்லை என்றால் ஊரே கடற்கரையில் நிற்கும்.

ககன்யானின் நோக்கம் மூன்று பேர் வரை சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, மூன்று நாள் வரை சுற்றவிட்டு, பத்திரமாகக் கடலில் இறக்குவது. கேட்க எளிது. மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டும். வெளியே விடும் கரியமில வாயுவைப் பிரித்தெடுக்க வேண்டும். வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது உண்டாகும் வெப்பத்தைத் தாங்கும் கவசம் வேண்டும். பாராசூட்டுகள் வரிசை தவறாமல் விரிய வேண்டும். ஏவும்போதே ஏதாவது தப்பு நடந்தால் ஆட்களை ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு தூரப் போகும் தப்பிக்கும் அமைப்பு வேண்டும்.

அந்தத் தப்பிக்கும் அமைப்பை 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஆளில்லாமல் சோதித்தார்கள். ஏவுவதற்கு 5 நொடி இருக்கும்போது கணினி தானாகவே நிறுத்திவிட்டது. கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, அன்றே காலை 10 மணிக்கு மறுபடி ஏவினார்கள். கலம் பிரிந்து, பாராசூட் விரிந்து, வங்கக் கடலில் இறங்கியது. கடற்படை போய் எடுத்து வந்தது. அன்று டிவி பார்த்த பலர் ‘ஏன் நின்றுபோச்சு’ என்று சலித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த நிறுத்தம்தான் நல்ல செய்தியாகப் பட்டது. ஆள் ஏறும் வண்டியில் சந்தேகம் வந்தால் நிறுத்தத் தெரிய வேண்டும்.

மகேந்திரகிரி கதை இன்னும் சுவாரசியம். ககன்யானைச் சுமக்கப்போகும் எல்விஎம்-3 ராக்கெட்டின் மேல் கட்டத்தில் இருப்பது சிஇ-20 என்ற கிரையோஜெனிக் இன்ஜின். மிகவும் குளிர்ந்த திரவ ஹைட்ரஜன் அதன் எரிபொருள், அதை எரிக்கத் திரவ ஆக்சிஜன். ஒரு பயணத்தில் அது எரியப்போவது பத்துப் பதினோரு நிமிடம்தான். ஆனால், ஆள் ஏறும் ராக்கெட்டுக்கு இது தகும் என்று சான்று பெற, குறைந்தது 6,350 நொடிகளாவது எரித்துக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. இஸ்ரோ நான்கு இன்ஜின்களை 39 முறை பற்றவைத்து, மொத்தம் 8,810 நொடி எரித்துப் பார்த்தது. கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். அந்தத் தொடரின் கடைசிச் சோதனை, வெற்றிடத்தில் பற்றவைத்துப் பார்ப்பது, 2024 பிப்ரவரி 13 அன்று மகேந்திரகிரியில் நடந்தது. ஏற்கெனவே பறந்த இன்ஜின்தான் இது. சந்திரயான்-3-ஐக் கொண்டுபோனதும் இதே வகைதான். ஆள் என்று வந்ததும் முழுக்க மறுபடி நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

செலவு ஏறுவது இதனால்தான். 2018-ல் ககன்யானுக்கு 9,023 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2024 செப்டம்பரில் திட்டத்தை விரித்து, விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து, 2028-க்குள் எட்டுப் பயணங்கள் என்று சொல்லி, மொத்தத்தை 20,193 கோடியாக்கினார்கள். நிலவில் இறங்கிய சந்திரயான்-3-க்கு ஆனது சுமார் 615 கோடி. ககன்யான் பணத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட சந்திரயான்களை அனுப்பலாம். மாமாவின் கேள்விக்கு இதைவிடக் கூர்மையான ஆதாரம் தேவையில்லை.

சரி, அறிவியலுக்கு மனிதன் தேவையா?

ஆம் என்பவர்கள் காட்டுவது அமெரிக்காவின் நிலவுப் பயணமான அப்பல்லோ 17. 1972 டிசம்பரில் நிலவில் இறங்கிய இருவரில் ஹாரிசன் ஷ்மிட் ஒரு புவியியலாளர். அவர்கள் வண்டியில் மூன்று நாளில் சுமார் 35 கிலோமீட்டர் ஓட்டினார்கள். செவ்வாயில் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி என்ற ரோவருக்கு 45 கிலோமீட்டர் போக 14 வருடம் பிடித்தது. கண்ணில் பட்ட ஆரஞ்சு நிற மண்ணை ‘இது என்ன புதுசா இருக்கே’ என்று அந்த இடத்திலேயே நின்று தோண்டியது ஷ்மிட்டின் கண். ஆறு அப்பல்லோ பயணங்கள் சேர்ந்து 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தன. சோவியத் யூனியனின் மூன்று ஆளில்லாக் கலங்கள் கொண்டுவந்ததோ கிராம் கணக்கு, மொத்தம் அரைக் கிலோ கூட இல்லை.

இல்லை என்பவர்கள் சொல்வது: அது அந்தக் காலம். 2024-ல் சீனாவின் சாங்'இ-6 நிலவின் மறுபக்கத்திலிருந்து, மனிதர் யாரும் கால் வைக்காத இடத்திலிருந்து, கிட்டத்தட்ட 2 கிலோ மண்ணைக் கொண்டுவந்துவிட்டது. ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடியில் இருந்த குறையை 1993-ல் விண்வெளி வீரர்கள் நேரில் போய்ச் சரிசெய்தார்கள், அது பெரிய சாதனைதான். ஆனால் 2021-ல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் இருப்பது 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில். மெக்கானிக் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஆளில்லாமலேயே அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

எடையில்லாத நிலையில் எலும்பும் தசையும் என்ன ஆகின்றன என்று ஆராய்வதும் அறிவியல்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் அந்த ஆராய்ச்சி பெரும்பாலும் பயன்படுவது, மறுபடி ஆளை அனுப்புவதற்கு. சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து நிற்கிறது. இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுபயறும் வெந்தயமும் முளைக்கவைத்துப் பார்த்தார். நல்ல சோதனைதான். அதற்காக மட்டும் யாரும் ராக்கெட் விடமாட்டார்கள்.

இன்னொரு வாதம், விண்வெளிப் பயணத்தால் சமையலறைக்கு வந்த பொருள்கள். இதில் பாதி கட்டுக்கதை. தோசைக்கல்லில் ஒட்டாத டெஃப்லான் நாசா கண்டுபிடித்தது என்று வாட்ஸ்அப்பில் வரும். அது 1938-லேயே அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் கண்டுபிடித்தது. நாசாவே தொடங்கியது 1958-ல்தான்.

ஆக, என் கணக்கில், அறிவியலை மட்டும் தராசில் வைத்தால் மாமா பக்கம்தான் இறங்கும். அரசுகள் மனிதனை அனுப்புவதற்கு உண்மையான காரணம் வேறு.

1961 ஏப்ரல் 12-ல் சோவியத்தின் யூரி ககாரின் பூமியைச் சுற்றிவந்தார். ஆறே வாரத்தில், மே 25 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடி ‘இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நிலவில் மனிதன்’ என்று அறிவித்தார். நிலவின் பாறைகள்மேல் திடீரென்று வந்த ஆசையல்ல அது. பனிப்போர். யார் முறை சிறந்தது என்று உலகத்துக்குக் காட்டும் போட்டி. அதற்காக 1966-ல் அமெரிக்க அரசு தன் மொத்தச் செலவில் சுமார் 4 சதவீதத்துக்கும் மேல் நாசாவுக்குக் கொடுத்தது. இன்று அது அரை சதவீதத்துக்கும் கீழே. அப்போதும் எதிர்ப்பு இருந்தது. அப்பல்லோ 11 கிளம்புவதற்கு முந்தின நாள், கறுப்பின மக்களின் தலைவர்களில் ஒருவரான ரால்ஃப் அபர்நாதி ஏழைகளைத் திரட்டிக்கொண்டு, கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியோடு ஏவுதளத்துக்கே வந்தார். பசியை ஒழிக்க முடியாத நாடு நிலவுக்குப் போகிறதா என்பது அவருடைய கேள்வி. நாசா தலைவர் நேரில் வந்து அவரோடு பேசினார்.

போட்டியில் ஜெயித்தாகிவிட்டது. அப்புறம்? அப்பல்லோ 18, 19, 20 மூன்றையும் ரத்து செய்தார்கள். மொத்தம் 12 பேர் நடந்ததோடு நிலவு நடை 1972-ல் நின்றுபோனது. எந்த நோக்கத்துக்காகத் தொடங்கினார்களோ அது நிறைவேறியதும் பணமும் நின்றது. பிறகு வந்த ஷட்டில் விண்கலங்களில் 1986-ல் சேலஞ்சர் வெடித்து ஏழு பேர், 2003-ல் கொலம்பியா சிதறி கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர். கொலம்பியா விபத்தை விசாரித்த குழு, எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு இறக்கையில் அடித்ததை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. மனிதன் போயே ஆக வேண்டும் என்று சொல்லக்கூடிய தெளிவான தேசிய இலக்கு எதுவும் மூன்று பத்தாண்டுகளாக நாசாவுக்குத் தரப்படவில்லை என்பதையும் எழுதிவைத்தது. எதற்கு என்று தெரியாமல் ஆளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட மரியாதையான வார்த்தை கிடையாது.

இந்தியாவின் கதை நேர்மாறாகத் தொடங்கியது. இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாய் அந்தக் காலத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: நிலவுக்குப் போவதிலோ, மனிதனை விண்ணுக்கு அனுப்புவதிலோ பணக்கார நாடுகளோடு போட்டிபோடும் கனவு நமக்கு இல்லை, மக்களின் பிரச்சினைகளுக்கு உயர்ந்த தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் யாருக்கும் சளைக்கக்கூடாது, அவ்வளவே. விண்வெளிக்குப் போன முதல் இந்தியரான ராகேஷ் சர்மா 1984-ல் போனது சோவியத் கலத்தில், அவர்கள் அழைப்பில்.

அப்படியென்றால் ஏன் மனம் மாறினோம்? ககன்யானை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம், திறமையை அவசரத்துக்குக் கடையில் வாங்க முடியாது என்பது. கிரையோஜெனிக் விவகாரமே சாட்சி. 1990-களில் அந்தத் தொழில்நுட்பத்தைத் தருவதாக ஒப்பந்தம் போட்ட ரஷ்யா, அமெரிக்க நெருக்கடியால் பின்வாங்கி, இன்ஜின்களை மட்டும் விற்றது. நாமே செய்து வெற்றிகரமாகப் பறக்கவிட 2014 ஜனவரி ஆகிவிட்டது. இன்று அமெரிக்காவும் சீனாவும் நிலவின் தென் துருவத்தைக் குறிவைத்து நிற்கின்றன. அங்கே யார் எதை எடுக்கலாம், எங்கே இறங்கலாம் என்ற விதிகள் நாளை எழுதப்படும்போது, போக முடிந்தவர்களின் பேச்சுதான் எடுபடும் என்கிறார்கள். மருமகன் சொன்னதும் இதுதான், அவன் பாஷையில்.

இனி பணம். ‘ஏழை நாட்டுக்கு இது தேவையா’ என்ற கேள்வியை நான் கொஞ்சம் திருத்திக் கேட்க விரும்புகிறேன். 20,193 கோடியை 140 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 144 ரூபாய், அதுவும் பத்து வருடத்துக்கு. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் எந்தச் செலவும் சின்னதாகத்தான் தெரியும், அந்தக் கணக்கில் மயங்க வேண்டாம். 2025-26 பட்ஜெட்டில் மத்திய அரசின் மொத்தச் செலவு 50 லட்சம் கோடிக்கு மேல். விண்வெளித் துறைக்கு 13,416 கோடி. நூறு ரூபாயில் சுமார் 26 காசு. ககன்யானை நிறுத்தினால் அந்தப் பணம் நேராகப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்விடும் என்று நம்ப எனக்கு ஆதாரம் எதுவும் தெரியவில்லை.

ககன்யான் போட்டிபோடுவது பள்ளிக்கூடத்தோடு அல்ல. அதே துறைக்குள் இருக்கும் செயற்கைக்கோள்களோடு. வருடத்துக்குச் சராசரி இரண்டாயிரம் கோடி என்று வைத்தால், அது துறையின் ஆண்டுப் பணத்தில் ஏழில் ஒரு பங்கு. பணம் மட்டுமா? அதே பொறியாளர்கள், அதே சோதனை மேடைகள், அதே ராக்கெட்டுகள்.

இது எங்கள் கடற்கரைக்கு வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். செல்போன் சிக்னல் எட்டாத தூரம். புயல் உருவாவதை வானத்திலிருந்த செயற்கைக்கோள் பார்த்தது. போட்டில் இருந்தவனுக்குச் சொல்ல வழியில்லை. அதற்குப் பிறகுதான் நடுக்கடலிலும் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகளைப் பற்றித் தீவிரமாகப் பேசவும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவும் ஆரம்பித்தார்கள். அந்த வகைக் கருவிகளில் சில நம்பியிருக்கும் நமது சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக் இன்னும் திணறிக்கொண்டிருக்கிறது. பழைய செயற்கைக்கோள்கள் சிலவற்றில் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. 2025 ஜனவரி 29-ல் ஏவிய, நாவிக்கின் புதிய செயற்கைக்கோளான என்விஎஸ்-02-ஐக் குறித்த சுற்றுப்பாதைக்கு உயர்த்த முடியவில்லை. ககன்யானால்தான் நாவிக் தாமதம் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே கஜானாவில், ஒரே ஆட்களை நம்பி நடக்கின்றன என்பதைத்தான் சொல்கிறேன். தங்கல் தொழிலுக்குப் போகிறவரின் வீட்டில் கேட்டால் எது முதலில் வேண்டும் என்று யோசிக்காமல் சொல்வார்கள்.

‘தனியார் செய்யட்டுமே, அரசுக்கு என்ன வேலை’ என்று ஒரு குரல் இப்போது பலமாகக் கேட்கிறது. அரைகுறை உண்மை. 2011-ல் ஷட்டிலை நிறுத்திய அமெரிக்கா, ஒன்பது வருடம் ரஷ்யாவிடம் டிக்கெட் வாங்கிப் போய்க்கொண்டிருந்தது. 2014-ல் ஸ்பேஸ்எக்ஸ், போயிங் இரண்டுக்கும் ஒப்பந்தம் கொடுத்தது. 2020-ல் ஸ்பேஸ்எக்ஸ் ஆளைக் கொண்டுபோய்விட்டது. அதைவிட அதிகப் பணம் பெற்ற போயிங்கின் ஸ்டார்லைனரில் 2024 ஜூனில் எட்டு நாள் பயணமாகப் போன சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் ஒன்பது மாதம் கழித்து, அதுவும் ஸ்பேஸ்எக்ஸ் கலத்தில் திரும்பினார்கள். தனியார் என்பதால் எல்லாம் சரியாகிவிடாது. இன்னொன்று, அந்த நிறுவனங்கள் வளர்ந்ததும் பெரும்பாலும் நாசா கொடுத்த பணத்தில்தான். சுக்லா போன பயணத்தையே பாருங்கள்: ஏற்பாடு செய்தது ஆக்ஸியம் என்ற தனியார் நிறுவனம், ராக்கெட் ஸ்பேஸ்எக்ஸ், போய்ச் சேர்ந்தது அரசுகள் கட்டிய நிலையம், டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது இந்திய அரசு, சுமார் 550 கோடி. இதில் எது தனியார், எது அரசு?

என் நிலைப்பாட்டைக் கேட்டால், பூமியைச் சுற்றிவரும் அளவுக்கு மனிதனை அனுப்பித் திரும்பக் கொண்டுவரும் திறமை இந்தியாவுக்கு வேண்டும், ககன்யான் நடக்கட்டும். அதைப் பயிறு முளைப்பதற்காக என்று சொல்லி விற்க வேண்டாம். நாட்டின் திறமைக்காகவும் இடத்துக்காகவும் என்று நேராகச் சொன்னால், அந்தத் திறமைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று நேராகப் பேரம் பேசலாம். 2040-க்குள் நிலவில் இந்தியர் என்ற அறிவிப்பில் எனக்கு இன்னும் திருப்தி இல்லை. அங்கே போய் இறங்கியபின் என்ன என்பதற்கு அமெரிக்காவே 1972-ல் பதில் இல்லாமல் நின்றது.

அதற்கு முன்னால் 2035-க்குள் இந்தியாவின் சொந்த விண்வெளி நிலையமான பாரதிய அந்தரிக்ஷ் நிலையம் என்ற திட்டம் வருகிறது. அங்கேதான் உண்மையான விவாதம் நடக்க வேண்டும். ஒரு பயணம் என்றால் போய்வந்ததும் கணக்கு முடிந்துவிடும். நிலையம் அப்படியல்ல, ஆள் இருக்கும்வரை உணவும் காற்றும் உதிரி பாகங்களும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். 2000 நவம்பரிலிருந்து ஆள் இல்லாமல் ஒரு நாளும் இருந்திராத சர்வதேச விண்வெளி நிலையத்துக்காக நாசா மட்டும் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் செலவிடுகிறது. கடைசியில் அதைப் பத்திரமாகக் கடலில் விழவைப்பதற்கே தனியாக ஒரு கலம் செய்யச் சொல்லி, 2024-ல் 84 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். இந்திய நிலையத்தின் முதல் பகுதிக்கான பணம் ககன்யானின் 20,193 கோடிக்குள்ளேயே வருகிறது. திட்டப்படி மொத்தம் ஐந்து பகுதிகள். மற்ற நான்கைக் கட்டுவதற்கும், கட்டியபின் வருடாவருடம் நடத்துவதற்கும், காலம் முடிந்ததும் இறக்குவதற்கும் ஆகும் தொகைகளை, இரண்டாவது பகுதிக்கு ஒப்புதல் தருவதற்கு முன்பே நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்லி எம்.பி.க்களிடம் நாம் கேட்க வேண்டும்.